குனிந்த முதுகும் நிமிர்ந்த கேள்வியும்

தெருவிலே ஒருவன் ஓடினால், பார்க்கிறவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். இவனை யாராவது துரத்துகிறார்களா? இல்லை, இவன் யாரையாவது துரத்துகிறானா? இரண்டும் இல்லாமல் ஓடுகிற கூட்டம் ஒன்று உண்டு. கையிலே உறை, இடுப்பிலே சுருட்டிச் செருகிய பை. ஓடுகிறார்கள், நிற்கிறார்கள், குனிகிறார்கள், பொறுக்குகிறார்கள், மீண்டும் ஓடுகிறார்கள். பொறுக்குவது பூவையா? பொன்னையா? இல்லை. எவனோ குடித்துவிட்டு எறிந்த டப்பாவை! எவளோ தின்றுவிட்டுப் போட்ட பொட்டலத்தை!

"வேலையற்றவர்கள் செய்யும் வேலை" என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாம் சிரிக்கவில்லை. பகலெல்லாம் உழைத்து அலுத்தவன், மாலையில் தனக்குக் கிடைத்த ஒரு மணி நேரத்தையும் ஊருக்குக் கொடுக்கிறான் என்றால், அதிலே சிரிக்க என்ன இருக்கிறது? சிந்திக்கத்தான் இருக்கிறது. குனிந்து குப்பை எடுப்பது இழிவா என்பது ஒரு கேள்வி. குனிந்தால் மட்டும் போதுமா என்பது மற்றொரு கேள்வி. இரண்டையும் பார்ப்போம்.

இங்கிலாந்திலே ஆக்ஸ்ஃபோர்டு என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது பல்கலைக் கழகம். ஆனால், அது படிப்பாளிகளின் ஊர் மட்டுமல்ல, பாட்டாளிகளின் ஊரும் கூட. அந்நகரின் கௌலி பகுதியிலே 1913-ஆம் ஆண்டிலிருந்து மோட்டார் கார் செய்து வருகிறார்கள். அங்கே பிரஸ்டு ஸ்டீல் ஆலையின் தொழிலாளர்கள் 1934-இல் வேலைநிறுத்தம் செய்துதான் தங்கள் சங்கத்துக்கு வேர் பிடிக்க வைத்தார்கள்.

அந்த நகரத்தின் வடமேற்கிலே, தேம்ஸ் ஆற்றின் கரையிலே, போர்ட் மெடோ என்று ஒரு புல்வெளி இருக்கிறது. நம் ஊர்ச் சொல்லிலே சொன்னால் மந்தைவெளி. ஏறத்தாழ 300 ஏக்கர். வேலி போட்டு எவனும் தனதாக்கிக் கொள்ளாத நிலம், ஏர் பூட்டி எவனும் உழாத நிலம். 1086-ஆம் ஆண்டிலே அந்நாட்டு மன்னன் வில்லியம் எடுத்த நிலக்கணக்குக்கு 'டூம்ஸ்டே' பதிவேடு என்று பெயர். அதிலேயே, ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தார் தங்கள் மதிலுக்கு வெளியே பொது மேய்ச்சல் நிலம் வைத்திருக்கிறார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதி 900 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அரசர்கள் போனார்கள், அரண்மனைகள் கைமாறின. மந்தைவெளி மட்டும் மந்தைவெளியாகவே இருக்கிறது. மாடும் குதிரையும் இன்றும் அங்கே மேய்கின்றன.

இதன் அருமை யாருக்குத் தெரியும்? தோட்டம் வைத்த மாளிகைக்காரனுக்குத் தெரியாது. இரண்டு அறை வீட்டிலே நான்கு பேரோடு வாழ்கிறவனுக்குத்தான் தெரியும். அவனுக்கு அந்தப் புல்வெளிதான் தோட்டம், அந்த ஆறுதான் குளிர்ச்சி. காசு கேட்காத காற்று அங்கே வீசுகிறது. 1940-ஆம் ஆண்டு, டன்கர்க் கடற்கரையிலிருந்து உயிர் தப்பி வந்த போர்வீரர்கள் முகாமிட்டதும் இதே மந்தைவெளியிலேதான். அடிபட்டு வந்தவனுக்கு இடம் கொடுத்த நிலம் அது. பொதுநிலம் என்பது ஏழையின் சொத்து. ஏட்டிலே பெயர் எழுதாத சொத்து.

அந்தச் சொத்துக்குத்தான் இப்போது கேடு. திருடன் கையால் அல்ல, விருந்தாளியின் கையால்!

கோடை வருகிறது. குளிரிலே நடுங்கிய மக்கள் வெயிலைக் கண்டதும் ஆற்றங்கரைக்கு ஓடி வருகிறார்கள். வரட்டும், அவர்கள் இடம்தானே. தகரத் தட்டிலே கரி மூட்டி இறைச்சி சுடுகிறார்கள். ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறிவதற்கென்றே செய்த அடுப்பு அது. புல்மேல் வைத்தால் புல் கருகும், கருகிய இடம் வட்டமாக வழுக்கை விழுந்து கிடக்கும். பாட்டில், டப்பா, பிளாஸ்டிக் கோப்பை, பொட்டலத் தாள், சிகரெட் துண்டு எல்லாம் கொண்டு வருகிறார்கள். வரும்போது நிறைந்த கை, போகும்போது வெறுங்கை. நிறைத்திருந்தவை எங்கே? புல்லிலே!

பிறகு என்ன நடக்கிறது? மாட்டுக்குப் புல் எது, பிளாஸ்டிக் எது என்று பிரிக்கத் தெரியாது. நாக்கால் வளைத்து இழுக்கிற விலங்கு அது, புல்லோடு சேர்ந்து பையும் உள்ளே போகும். உடைந்த கண்ணாடி குதிரையின் குளம்பிலே ஏறும். சிகரெட் துண்டைப் பலர் பஞ்சு என்று நினைக்கிறார்கள். பஞ்சல்ல. செல்லுலோஸ் அசிடேட் என்னும் ஒருவகைப் பிளாஸ்டிக் அது. மழையிலே எளிதில் மக்காது.

அதோடு முடிந்ததா? அதுதான் இல்லை. போர்ட் மெடோ தாழ்ந்த நிலம். குளிர்காலத்திலே தேம்ஸ் பெருகினால் புல்வெளி ஏரியாகிவிடும். ஏரியான நீர் மீண்டும் ஆற்றுக்குத் திரும்பும்போது கோடையிலே கிடந்ததை எல்லாம் வாரிக்கொண்டு போகும். ஆக்ஸ்ஃபோர்டைத் தாண்டிய ஆறு லண்டனுக்குப் போகிறது, லண்டனைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. ஒருவன் ஒரு மாலையிலே நழுவவிட்ட பை, அவன் பெயர் மறந்த பிறகும் பயணம் செய்துகொண்டே இருக்கிறது.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். அந்தப் புல்வெளியின் கிழக்கு ஓரத்திலே பர்ஜஸ் ஃபீல்டு என்று மேடான ஓர் இடம் உண்டு. இன்று அங்கே மரம் நிற்கிறது, பறவை கூவுகிறது, இயற்கைப் பூங்கா என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த மேடு இயற்கை கொடுத்த மேடு அல்ல. முன்பு நகரத்தின் குப்பையைக் கொட்டி மூடிய இடம் அது! மேலே பூ, கீழே குப்பை. எறிந்தது எதுவும் எங்கும் போய்விடுவதில்லை, கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான். இந்தப் பாடத்தை அந்த மேடு ஊமையாக நின்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி, ஓடுகிறவர்களிடம் வருவோம்.

ஓடிக்கொண்டே குப்பை எடுக்கும் பழக்கத்துக்கு ஒரு பெயர் வைத்தவர் ஸ்வீடன் நாட்டுக்காரர் எரிக் ஆல்ஸ்ட்ரோம். 2016-ஆம் ஆண்டிலே ஸ்டாக்ஹோம் நகரத்திலே இதைத் தொடங்கினார். அவர்கள் மொழியிலே 'ப்ளோக்கா உப்' என்றால் பொறுக்கி எடு, 'ஜோகா' என்றால் மெல்ல ஓடு. இரண்டையும் ஒட்டி 'ப்ளாகிங்' என்றார்கள். சொல் நாடு நாடாகப் பரவியது.

இங்கிலாந்திலே அதற்கு முன்பே இதற்கு உறவான ஒரு முயற்சி இருந்தது. 2009-ஆம் ஆண்டிலே கிழக்கு லண்டனிலே, பாட்டாளிகள் நெருங்கி வாழும் பகுதியிலே, ஐவோ கோர்ம்லி என்பவர் 'குட்ஜிம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவருடைய எண்ணம் எளிமையானது. பணம் கட்டிப் பயிற்சிக் கூடத்துக்குப் போகிறார்கள், தூக்கிய இரும்பைத் தூக்கிய இடத்திலேயே வைக்கிறார்கள், அந்த வலிமை எல்லாம் யாருக்கும் பயனின்றி வியர்வையாகப் போகிறதே, அதை ஊருக்குத் திருப்பினால் என்ன? குழுவாக ஓடு, போகிற வழியிலே ஒரு பொதுவேலையைச் செய், பிறகு ஓடியே திரும்பு. மண் சுமப்பது, செடி நடுவது, தனித்திருக்கும் முதியவரைப் பார்த்து வருவது, குப்பை எடுப்பது என்று வேலைக்குப் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட குழுக்கள் இன்று அந்நாட்டின் பல நகரங்களிலே இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டிலும் உண்டு.

பயிற்சிக் கூடத்திலே சுழலும் பட்டைமேல் ஓடுகிறார்களே, அதற்கு ஆங்கிலத்திலே வைத்த பெயர் முன்பு எதற்கு இருந்தது தெரியுமா? சிறைத் தண்டனைக்கு! 1818-ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலே கைதிகளை ஒரு சக்கரத்தின் படிகளிலே மணிக்கணக்கில் ஏறவைத்தார்கள். ஏறுவான், ஏறுவான், ஏறிய இடத்திலேயே நிற்பான். உழைப்பு உண்டு, பயன் இல்லை. அதுவே தண்டனை! பயனற்ற உழைப்பைவிடக் கொடிய தண்டனை வேறில்லை என்பது உழைக்கிறவனுக்குத் தெரியும். பயனுள்ள உழைப்பைவிடப் பெரிய மகிழ்ச்சி வேறில்லை என்பதும் அவனுக்குத்தான் தெரியும்.

இந்த வேலைக்கும் ஒரு முறை இருக்கிறது. வெறுங்கையால் எடுக்கக் கூடாது, உறை வேண்டும். நீண்ட கைப்பிடி வைத்த இடுக்கி இருந்தால் நல்லது. ஊசி கிடந்தால் தொடாதே, இடத்தைக் குறித்துக்கொள், நகர மன்றத்துக்குச் சொல். கண்ணாடியைத் தனியே எடு. நிறைந்த பையை முதுகிலே போட்டுக்கொண்டு ஓடாதே, ஓரிடத்திலே சேர்த்து வை, வண்டி வந்து எடுக்கட்டும். எடுப்பதற்கு முட்டியை மடக்கிக் குனி, முதுகை ஒடிக்காதே. மூட்டை தூக்குகிற நம் தோழர்களுக்கு இந்தக் கடைசிப் பாடத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை!

இனி நாம் முதலிலே சொன்ன கேள்விக்கு வருவோம். குனிவது இழிவா?

அந்தக் குழுவிலே யார் வேண்டுமானாலும் சேரலாம். கல்லூரி ஆசிரியன் சேரலாம், ஆலைத் தொழிலாளி சேரலாம், மருத்துவமனைச் செவிலி சேரலாம். குனிந்து எழுந்ததும் "இவன் இன்ன குலம்" என்று எவனும் கேட்பதில்லை. நம் நாட்டிலே? குப்பை அள்ளுவது ஒரு வேலை என்று சொல்லாமல், அது ஒரு பிறவி என்று சொல்லி வைத்தார்கள்! எறிவது எல்லோருக்கும் உரிமை, எடுப்பது சிலருக்கு மட்டும் விதி என்று எழுதாத சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்தின் முதுகெலும்பு எப்போது முறியும்? எறிகிற கை எடுக்கிற கையாகவும் ஆகும்போது முறியும். ஆண்டுக்கு ஒருநாள் புதுத் துடைப்பம் வாங்கி, முன்கூட்டியே தூவிவைத்த சருகைப் பெருக்கி, படமெடுத்ததும் துடைப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும் கூத்தைச் சொல்லவில்லை. வாரந்தோறும், படம் எடுக்க ஆள் இல்லாத மழை மாலையிலும் குனிகிற முதுகைச் சொல்கிறோம்.

ஆனால், தோழர்களே, புகழ்ந்துவிட்டுப் போவது நம் வேலை அல்ல. இரண்டாவது கேள்வி காத்திருக்கிறது. குனிந்தால் மட்டும் போதுமா?

போதாது. ஏன் போதாது?

முதலாவது, கூலி பற்றியது. ஊரைத் தூய்மையாக வைத்திருப்பது ஒரு தொழில். அதற்கு ஆள் வேண்டும், ஊதியம் வேண்டும், வண்டி வேண்டும். இங்கிலாந்திலே 2010-க்குப் பிறகு, சிக்கனம் என்ற பெயரால், உள்ளாட்சி மன்றங்களுக்கு நடுவரசு தந்துவந்த பணத்தை வெட்டினார்கள். பணம் குறைந்தால் எங்கே கத்தி விழும் என்பது நமக்குத் தெரியாதா? ஊதியம் பெற்று உழைத்த கையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஊதியம் கேட்காத கையைத் தட்டிக்கொடுத்தால் அது தொண்டுக்குச் செய்யும் மரியாதை அல்ல. தொண்டை வைத்துத் தொழிலாளியை அடிப்பது. ஓட்டக்காரன் எடுப்பது கூடுதலாக இருக்க வேண்டும், ஈடாக இருக்கக் கூடாது. அவன் பை நிறைந்ததும் அதை ஏற்றிச் செல்ல வரும் வண்டியில் இருப்பவன், கூலி பெறும் தொழிலாளியாக இருக்க வேண்டும். இதிலே விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

இரண்டாவது, குற்றம் பற்றியது. குப்பைக்கு யார் பொறுப்பு? எறிந்தவன். சரி. 1954-இல் இங்கிலாந்தின் மாதர் சங்கங்கள் நாட்டைத் தூய்மையாக வைப்போம் என்று தீர்மானம் போட்டன. 1958-இல் குப்பை எறிவதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது, 10 பவுன் வரை அபராதம். 1990-இல் அதனினும் கடுமையான சட்டம் வந்தது. எறிந்தவனைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. எறிவதற்கென்றே செய்து விற்றவனுக்கு?

இங்கே அமெரிக்கக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பாட்டில் கடைக்குத் திரும்பிப் போகும், கழுவி நிரப்புவார்கள். திருப்பிக் கொடுத்தால் காசு உண்டு. பிறகு, திரும்ப வாங்காத பாட்டிலும் டப்பாவும் வந்தன. விற்கிறவனுக்கு லாபம், வயலுக்கு நட்டம். வெர்மான்ட் மாநிலத்திலே 1953-ஆம் ஆண்டு, அப்படிப்பட்ட பீர் பாட்டிலை விற்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அதே 1953-இலே, டப்பா செய்யும் கம்பெனிகளும் பாட்டில் செய்யும் கம்பெனிகளும் முன்நின்று 'அமெரிக்காவை அழகாக வைப்போம்' என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தின! வெர்மான்ட் சட்டம் 1957-இல் காலாவதியாயிற்று. அமைப்போ வளர்ந்தது.

1971-ஆம் ஆண்டிலே அந்த அமைப்பு தொலைக்காட்சியிலே ஒரு விளம்பரம் காட்டிற்று. செவ்விந்தியர் ஒருவர் படகிலே வருகிறார், குப்பையைப் பார்க்கிறார், ஒரு துளிக் கண்ணீர் விடுகிறார். மாசுக்குக் காரணம் மக்களே என்பது அதன் உபதேசம். நாடே உருகியது. பிற்பாடு தெரிந்த உண்மை என்ன? நடித்தவர் செவ்விந்தியரே அல்ல, இத்தாலியிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்த நடிகர்! கண்ணீர் கம்பெனியுடையது, பழி மக்களுடையது. டப்பா செய்தவன் விரலை நீட்டினான், அந்த விரல் டப்பாவை எறிந்தவனை மட்டுமே காட்டியது.

ஆகவே, "மக்களே, குனியுங்கள்" என்று உபதேசம் வரும்போது, சொல்லுகிறவன் யார், அவன் ஆலையிலே என்ன உற்பத்தியாகிறது என்று பார்க்க வேண்டும். ஆனால், "கம்பெனிதான் காரணம், நான் ஏன் குனிய வேண்டும்?" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் நேர்மை அல்ல. நாம் கேள்வி கேட்டு முடிக்கும்வரை மாடு பட்டினி கிடக்குமா? மேயத்தான் செய்யும். கண்ணாடி காத்திருக்குமா? குத்தத்தான் செய்யும்.

அப்படியானால் வழி என்ன?

வழி இருக்கிறது. அதையும் குப்பை பொறுக்கியவர்களே காட்டியிருக்கிறார்கள். பிரிட்டனின் கடல் பாதுகாப்புச் சங்கம் 1994-லிருந்து தொண்டர்களைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறது. அவர்கள் எடுப்பதோடு நிற்பதில்லை, எண்ணுகிறார்கள். இத்தனை பை, இத்தனை மூடி, இத்தனை பஞ்சுக்குச்சி என்று தாளிலே குறிக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு குறித்த அந்தக் கணக்கு மன்றத்திலே பேசியது, சட்டம் செய்கிறவர்களின் மேசையிலே போய் உட்கார்ந்தது. பைக்குக் கட்டணம் வேண்டும் என்று கேட்டவர்களின் கையிலே அந்தக் கணக்குதான் ஆயுதம். வேல்ஸ் நாட்டிலே 2011-இல் கட்டணம் வந்தது, இங்கிலாந்திலே 2015-இல் வந்தது. வெறும் 5 பென்ஸ்! பெரிய கடைகளிலே பை விற்பனை 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. கடற்கரையிலே எண்ணியவர்களும் பைகள் குறைந்ததைக் கண்டார்கள்.

5 பென்ஸ் செய்ததை 50 ஆண்டு உபதேசம் செய்யவில்லை!

பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் அப்படித்தான். ஸ்வீடன் நாட்டிலே 1984-லிருந்து அலுமினிய டப்பாவுக்கு முன்பணம் வாங்குகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். எறிந்தால் எறிந்தவனுக்கு நட்டம், பொறுக்கினவனுக்கு வரவு. பிரிட்டனிலே பல ஆண்டுகளாக இதைப் பேசினார்கள், ஒத்திவைத்தார்கள், மறுபடி பேசினார்கள். 2027-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கத் திட்டம் என்று அறிவித்திருக்கிறார்கள். எறிந்துவிடும் மின் சிகரெட்டை 2025 ஜூன் முதல் நாளிலிருந்து அங்கே விற்கக் கூடாது. புல்லிலே கிடந்த ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு கேள்வி உண்டு, ஒரு விடையும் உண்டு.

நம் நீலகிரி இதற்குச் சான்று. காட்டோரம் உடைத்து எறிந்த மதுப்பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2022-ஆம் ஆண்டு முதல் அங்கே பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பித் தருகிறார்கள். காட்டிலே விழ வேண்டிய பாட்டில் கடைக்குத் திரும்பியது. யானைக்குப் பேசத் தெரியாது, போர்ட் மெடோவின் குதிரைக்கும் தெரியாது. அவற்றின் காலுக்காகப் பேச ஒருவன் வேண்டியிருந்தது.

ஆகவே, நாம் சொல்வது இது. குனிகிறவனைக் கேலி செய்யாதே, அவன் உன் மந்தைவெளியைக் காக்கிறான். குனிகிறவனும் குனிந்தே இருந்துவிட வேண்டாம். எடுத்ததை எண்ணு. எண்ணியதை எழுது. எழுதியதைக் கையிலே வைத்துக்கொண்டு கேள்: இதைச் செய்தவன் யார்? இதனால் சம்பாதித்தவன் யார்? இதை எடுக்கும் செலவை அவன் ஏன் கொடுக்கவில்லை? இதை எடுக்கும் தொழிலாளிக்கு முழு ஊதியம் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை காலை நம் தோழர்கள் பத்துப் பேர் ஆற்றங்கரைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓடியும் போகலாம், நடந்தும் போகலாம். ஒன்பது பேர் கையிலே பை இருக்கட்டும். பத்தாவது தோழர் கையிலே ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். பையிலே சேர்வது குப்பை. நோட்டிலே சேர்வது வழக்கு. பை நிறைந்தால் ஆறு ஒருநாள் சிரிக்கும். நோட்டு நிறைந்தால் ஆறு என்றென்றும் சிரிக்கும்.

முதுகு குனியட்டும், கேள்வி நிமிரட்டும்!